நாயேன் என்னுஞ் சொல்



நாம் சந்நிதியிலே நின்று ஓதுகின்ற திருவாசகத்திலே, மாணிக்கவாசக சுவாமிகள் தம்மைச் சுட்டி வழங்கிய சொற்களுள் அடிக்கடி வருவது 'நாயேன்' என்பது. 'நாயடியேன்' என்றும் அருளிச்செய்தார். நாயினுங் கடைப்பட்டவன் என்னும் பொருள்படவும் அருளிச்செய்தார். நாமும் அவற்றை ஓதுகின்றோம். கண்ணீர் வரவும் ஓதுவாருளர். ஓதி முடித்துத் திருநீறணிந்து வெளியே வருகின்றோம். வாயிற்படியருகே நிழலிலே ஒரு நாய் படுத்திருக்கின்றது. 'அடி, அடி' என்று ஒருவர் கூவ, மற்றொருவர் கல்லெடுக்கின்றார். சற்று முன்னே நம்மை யாதென்று சொல்லிக்கொண்டோமோ அதனையன்றோ இப்பொழுது எறிகின்றோம்!

இவ்வினாவைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல யான் வந்தேனல்லேன். என்மேல் ஏற்றிச் சொல்லவே வந்தேன். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

நாயேன் என்பதற்கு இழிந்தவன் என்று பொருள் சொல்லிக் கடந்துபோவது எளிது. நாய் இழிந்தவற்றை உண்ணும், கக்கியதையும் உண்ணும், தன்னினத்தைக் கண்டால் குரைக்கும், ஆதலால் அது தாழ்வுக்கு உவமையாயிற்று என்பர். அது பொய்யன்று. ஆயினும் நம் முன்னோர் நாயினிடத்துக் கண்டது அவ்வளவுதானோ? நாலடியாரிலே நட்பாராய்தல் என்னும் அதிகாரத்திலே ஒரு செய்யுள் உண்டு. யானையானது பலகாலும் பழகியறிந்த பாகனையே கொல்லும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்து நிற்கவும் அவனைக் கண்டு வாலைக் குழைக்கும். ஆதலின் யானை போல்வாருடைய நட்பை விடுத்து நாய் போல்வாருடைய நட்பைக் கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. இச்செய்யுளை மாணாக்கர்க்குப் பலமுறை படிப்பித்திருக்கின்றேன். பரீட்சைக்கு வரும் என்று சொல்லிப் பொருள் எழுதுவித்துமிருக்கின்றேன். ஆனால் அதன் பொருளை யான் அறிந்தது பள்ளிக்கூடத்திலன்று.

நாய்க்கும் மனிதனுக்கும் உண்டாகிய தொடர்பு மிகப் பழையது. மனிதன் ஏர் பிடிக்க அறியுமுன்னரே, பசுவையும் ஆட்டையும் வீட்டிலே கட்டுமுன்னரே, ஓநாயினத்திலிருந்து பிரிந்த நாய் அவனுடைய தீயருகே வந்து படுத்துக்கொண்டது. செர்மனி தேசத்திலே போன் நகரத்தைச் சார்ந்த ஒபர்காசல் என்னுமிடத்திலே 1914ஆம் ஆண்டு கல்லுடைப்போர் ஒரு பழைய பிணக்குழியைக் கண்டனர். அதிலே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடந்தனர். அவர்களோடு ஒரு நாயினது எலும்புகளும் கிடந்தன. அக்குழி ஏறக்குறைய 14,000 ஆண்டு பழமையுடையது. அந்நாயின் பற்களை அண்மைக்காலத்திலே சோதித்த ஆராய்ச்சியாளர், அது ஏழுமாதக் குட்டியென்றும், குட்டிப்பருவத்திலே நாய்களைக் கொல்லுகின்ற கொடிய நோயொன்றால் பல வாரம் வருந்தியதென்றும், ஒருவர் இருந்து நீரும் உணவும் கொடுத்துத் துடைத்துப் பேணியிராவிடின் அவ்வளவு காலம் உயிர்தரித்திராதென்றும் 2018ஆம் ஆண்டு எழுதினர். நோயுற்ற குட்டியால் வேட்டைக்கு யாது பயன்? காவலுக்கு யாது பயன்? பயன் கருதியே மனிதன் நாயை வளர்த்தான் என்பார்க்கு அந்தக் குழியே விடை சொல்லுகின்றது.

இக்காலத்து விஞ்ஞானிகளும் இதனை அளந்து பார்க்கின்றனர். அங்கேரி தேசத்துப் புடபெஸ்து நகரத்திலே சிலர், குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்றைச் சோதிக்கும் முறையொன்றை நாய்க்கும் அதன் தலைவனுக்கும் பொருத்திப் பார்த்து 1998ஆம் ஆண்டு வெளியிட்டனர். பழக்கமில்லாத அறையொன்றிலே தலைவன் இருக்கும்போது நாய் அச்சமின்றி விளையாடுகின்றது. அவன் வெளியே போனவுடன் கதவருகே சென்று நிற்கின்றது. பிறர் வந்து கொஞ்சினாலும் நோக்குக் கதவிலேயே இருக்கின்றது. அவன் திரும்பி வந்தால் ஓடிச்சென்று தழுவுகின்றது. யப்பான் தேசத்தார் 2015ஆம் ஆண்டு வெளியிட்டது இன்னும் வியப்பானது. பிள்ளை பெற்ற தாயினிடத்துப் பெருகுவதாகிய ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன், நாயும் தலைவனும் ஒருவர் முகத்தை ஒருவர் நெடுநேரம் நோக்கியிருந்தபின் இருவருடலிலும் மிகக் காணப்பட்டதாம். மனிதர் கையிலே வளர்ந்த ஓநாய்களிடத்தும் இது காணப்படவில்லையாம். நோக்கினாலே அன்பு பெருகும் என்பதை, ஆலயத்திலே தரிசனம் செய்து பழகிய நமக்கு ஒருவர் சிறுநீரைச் சோதித்துத்தான் சொல்லவேண்டுமோ என்று ஓர் அன்பர் நகைத்தார். யான் அங்ஙனம் நகையேன். பிறர் தம் வழியிலே உண்மையைத் தேடிக் கண்டால் அது நமக்கும் மகிழ்ச்சியே.

இனி, உலகறிந்த ஒரு நாயின் சரிதத்தைச் சிறிது விரித்துச் சொல்லுகின்றேன்.

யப்பான் தேசத்துத் தலைநகராகிய தோக்கியோவிலே, அங்குள்ள பல்கலைக்கழகத்திலே விவசாயத்துறைப் பேராசிரியராயிருந்தவர் உவெனோ ஹிதெசபுரோ என்பவர். வடபுலத்து அகித்தா மாகாணத்திலே 1923ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பிறந்த ஓர் ஆண் குட்டியை அவர் 1924ஆம் ஆண்டு தொடக்கத்திலே பெற்று வளர்த்தார். ஹாச்சி என்பது அதன் பெயர். மதிப்பாக ஹாச்சிகோ என்பர். பேராசிரியர் புறப்படும்போது உடன்சென்று வழிவிடுவதும், மாலையிலே அவர் திரும்பும் நேரத்துக்குச் சிபுயா என்னும் புகையிரத நிலையத்து வாயிலிலே போய் நிற்பதும் அதன் வழக்கம். 1925ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி பேராசிரியர் கடமை செய்யுமிடத்திலேயே திடீரென இறந்துபோனார். அன்று மாலை புகையிரதம் வந்தது, அவர் வரவில்லை.

அந்நாயை வேறிடத்தார் சிலர் கொண்டுபோய் வளர்த்தனர். அது தங்கவில்லை. மீண்டும் அந்த வாயிலுக்கே வந்தது. தொடக்கத்திலே நிலையத்தார் அதனை உபத்திரவமென்று துரத்தினர், சிறுவர் துன்புறுத்தினர். அடிபட்டும் வந்தது. நெடுநாட்சென்று, 1932ஆம் ஆண்டிலே பத்திரிகையொன்று அதன் வரலாற்றை எழுதியபின்னரே ஊரார் அதனை உற்று நோக்கினர். பின்னர் உணவு கொடுப்பாரும் தடவிப்பார்ப்பாரும் பலராயினர். 1934ஆம் ஆண்டிலே அதற்கு வெண்கலச் சிலையொன்று நாட்டினர். அத்திறப்புவிழாவிலே ஹாச்சிகோ தானும் இருந்தது. தன் சிலையை அது பொருட்படுத்தியிராது. அது பார்த்துக்கொண்டிருந்த முகம் வேறு. 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி சிபுயாவிலே ஒரு தெருவோரத்திலே அது இறந்து கிடந்தது.

கணக்குப் பார்மின். அது தன் தலைவனோடு கூடியிருந்த காலம் ஏறக்குறையப் பதினாறு மாதம். காத்திருந்த காலம் ஒன்பது ஆண்டும் ஒன்பது மாதமும். பதினாறு மாதத்து அன்புக்கு இது கைம்மாறாயின், எத்தனையோ பிறவிகளிலே தாயாயும் தந்தையாயும் நின்று நம்மைக் காத்த பெருமானுக்கு நாம் எத்தனை மாலைப்பொழுது காத்திருந்தோம்? நடைதிறக்க அரை நாழிகை தாமதித்தாற் பூசகரை வையாதார் யார்?

இங்கே ஓர் ஆட்சேபம். அது தலைவனுக்காக வரவில்லை, நிலையத்தருகே விற்கப்படும் சுட்ட இறைச்சிக்காகவே வந்தது என்று சொல்லுவாருளர். அது இறந்தபின் வயிற்றைச் சோதித்தபோது இறைச்சி கோக்கும் குச்சிகள் அதனுள்ளே காணப்பட்டதும் உண்மையே. ஆகுக. முதற் பல ஆண்டும் அதற்கு அங்கே கிடைத்தது இறைச்சியன்று, அடியே என்பதை அவர் மறந்தனர். அதனை விடுவோம், இறைச்சியுந் தின்றதென்றே கொள்வோம். நம் கோயில்களுக்கு வருவோரெல்லாம் பொங்கலையும் வடையையும் விலக்கிக்கொண்டா வருகின்றனர்? பிரசாதம் வாங்கினான் என்பதனால் ஒருவனுடைய பத்தி பொய்யென்று யாருஞ் சொல்வதில்லையே.

அம்முதற் சிலை யுத்தகாலத்திலே உலோகத்துக்காக உருக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டிலே, முன்னைச் சிற்பியின் மகனார் மறுபடி ஒன்று செய்து நாட்டினார். 2015ஆம் ஆண்டிலே அப்பல்கலைக்கழகத்தார் வேறொரு சிலை வைத்தனர். அதிலே பேராசிரியர் வந்துவிட்டார். நாய் எழுந்து அவர் மார்பிலே கால் வைக்கின்றது. எண்பது ஆண்டுக்குப் பின்னாயினும் ஒருவர் இதனைச் செய்யவேண்டுமென்று நினைத்தாரே!

யான் பாதிரிமார் கல்லூரியொன்றிலே கல்வி கற்றவன். அங்கே எமக்கு ஆங்கிலம் படிப்பித்த முதியவர், யவன மகாகவியாகிய ஹோமருடைய ஒடிசி என்னுங் காவியத்திலே ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவார். ஒடிசியசு என்னும் அரசன் யுத்தத்துக்குப் போய் இருபதாண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்திலே தன் அரண்மனைக்கு வருகின்றான். மனிதர் ஒருவரும் அவனை அறிந்திலர். அவன் குட்டியிலே வளர்த்துவிட்டுச் சென்ற ஆர்கசு என்னும் நாய், கிழமாகி, உண்ணி மொய்த்து, வாயிலிலே எருக்குவியலின்மேற் கிடக்கின்றது. அது அவன் குரலைக் கேட்டு வாலை அசைத்துக் காதைத் தாழ்த்துகின்றது. எழுந்து கிட்டவர வலியில்லை. அவனோ வேடம் வெளிப்படுமென்று அஞ்சி அதனருகே போகாமல், உடன்வந்தவன் காணாதபடி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகின்றான். அந்நாய் அவனைக் கண்டவளவிலே உயிர் விடுகின்றது. ஆசிரியர் இவ்விடத்திலே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிள்ளைகளாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். அருகே போயிருக்கலாமே என்று அவர் ஒருநாள் தமக்குள்ளே சொன்னது மாத்திரம் என் காதிலே தங்கிவிட்டது.

அருகே போனவன் ஒருவன் நம்மிடத்து இருக்கின்றான். அவனைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயம் முற்றுப்பெறாது.

வடமொழிப் பாரதத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் பார்ப்போர் ஓர் அதிசயத்தைக் காண்பர். அது ஒரு நாய்க்குட்டியின் அழுகையோடு தொடங்குகின்றது. சனமேசயன் குருக்ஷேத்திரத்திலே வேள்வி செய்கின்றான். தேவநாயாகிய சரமையின் குட்டி அவ்விடத்து வருகின்றது. அரசனுடைய தம்பியர் அதனை அடிக்கின்றனர். அது அழுதுகொண்டு தாயிடம் போகின்றது. நீ அவியை நக்கினாயோ, நோக்கினாயோ என்று தாய் கேட்கின்றாள். இரண்டும் செய்யவில்லை என்கின்றது குட்டி. தாய் நேரே வேள்விச்சாலைக்கு வந்து, குற்றமில்லாத என் மகனை ஏன் அடித்தீர்கள் என்று வினாவுகின்றாள். அவர்களுக்கு விடையில்லை. எதிர்பாராத அச்சம் உனக்கு வரக்கடவது என்று அரசனைச் சபித்துப் போகின்றாள். ஒரு நாய் அரசசபையிலே வந்து நியாயங் கேட்க, அரசன் கலங்கி நின்றான் என்று எழுதிய வியாசருடைய துணிவை எண்ணிப் பாருங்கள்.

முடிவிலே, தருமபுத்திரர் இராச்சியத்தைத் துறந்து தம்பியரோடும் திரௌபதியோடும் வடதிசை நோக்கி நடக்கின்றார். நகரத்தார் ஒருவர்பின்னொருவராகத் திரும்பிவிட, ஒரு நாய் மாத்திரம் தொடர்ந்து வருகின்றது. இமயத்தைக் கடந்தபின் திரௌபதி விழுகின்றாள்; சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் எல்லாரும் விழுகின்றனர். தருமர் திரும்பிப் பார்க்கவில்லை, நடக்கின்றார். நாயும் நடக்கின்றது. அப்பொழுது இந்திரன் தேரோடு வந்து, ஏறுக என்கின்றான். இந்நாயும் என்னோடு வரல் வேண்டும் என்கின்றார் தருமர். நாய்க்குச் சுவர்க்கத்திலே இடமில்லை; நாய் நோக்கினால் வேள்விப்பயனும் கெடும்; விடுத்து வருக; இதிலே கொடுமை யாதுமில்லை என்பது இந்திரன் வாதம். ஆசாரம் முழுவதும் இந்திரன் பக்கத்திலேதான் இருக்கின்றது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

தருமர் சொல்லிய விடையின் கருத்து இது: அடைக்கலம் புகுந்தாரைக் காட்டிக்கொடுத்தல், பெண்ணைக் கொல்லல், அந்தணர் பொருளைக் கவர்தல், நண்பர்க்குத் துரோகஞ் செய்தல் ஆகிய நான்கும் ஒரு தட்டிலே இருக்குமாயின், தன்னிடத்துப் பத்தியுடையதைக் கைவிடுதல் ஒன்றே மறுதட்டிலே அவற்றோடு ஒத்து நிற்கும். வியாசர் அந்நாய்க்கு வழங்கிய பெயரைக் கவனியுங்கள். பக்தன் என்றே வழங்கினார். நாம் நாயன்மார்க்கும் ஆழ்வார்க்கும் வழங்குகின்ற சொல்லை, பெயரில்லாத ஒரு தெருநாய்க்குத் தருமர் வாயிலே வைத்தார்.

இந்திரன் விடவில்லை. தம்பியரையும் மனைவியையும் வழியிலே விட்டு வந்தாயே, நாயை விடுதற்கு ஏன் கலங்குகின்றாய் என்று நெஞ்சிலே தைக்கும்படி கேட்டான். அவர்கள் இறந்தனர், இறந்தாரை எழுப்ப என்னால் இயலாது, ஆதலின் விட்டேன், உயிரோடிருக்கையில் விட்டேனல்லேன், இது உயிரோடிருக்கின்றது என்றார் தருமர். அவ்வளவிலே நாய் மறைந்து தருமதேவதை நின்றது. இந்த ஈற்றுக்காட்சியையே பலரும் பெரிதாக எடுத்துச் சொல்லுவர். எனக்கு அது பெரிதன்று. அது தருமதேவதை என்று தருமர் அறியார். அவர் அறிந்தது நாய். அவர் ஆசாரத்தையும் சுவர்க்கத்தையும் இழக்க இசைந்தது நாயின்பொருட்டே.

இங்கே சாத்திரம் கற்றவர் ஒரு தடை நிகழ்த்தலாம். பாசத்தை அறுக்கவேண்டுமென்றன்றோ நம் சித்தாந்தம் போதிக்கின்றது. மனைவி மக்களிடத்துப் பற்றே தளையாயிருக்க, நாயிடத்தும் ஒரு பற்றை வளர்ப்பதோ. மான்கன்றை வளர்த்து அதனையே நினைந்திறந்து மானாய்ப் பிறந்த பரதமுனிவர் கதை அறியீரோ என்பர். அறிவேன். என் பேத்தி என்று நாய்க்குப் பிறந்தநாட் பலகாரம் சுட்டு அயலாரை அழைக்கின்ற வீட்டிலே, அடுத்த வீட்டு ஏழைப்பிள்ளை மதிலுக்கு வெளியே நிற்குமாயின் அது பற்றே, அருளன்று. அயல்நாட்டுச் சாதிநாயைப் பெருவிலை கொடுத்து வாங்கி, வந்தார்க்குக் காட்டிவிட்டு, வெயிலிலே சங்கிலியிற் கட்டி வைப்பதும் பற்றுக்கூட அன்று, அது செருக்கு. ஆனால் தன்னை நம்பிய உயிரைக் கைவிடாமை பற்றாகாது. அது கடன். அன்பிலிருந்து அருள் பிறக்கும் என்றார் வள்ளுவர். அன்பு அரும்பும் இடத்தையே வெட்டிவிட்டு அருளை எங்கே தேடுவது? நாயின் உடலிலிருப்பதும் ஓர் ஆன்மாவே. வினைக்கீடாக அவ்வுடலை எடுத்து நம் வாயிலிலே வந்து நிற்கின்றது. நாம் எவ்வெவ்வுடலெடுத்து எவ்வெவர் வாயிலிலே நின்றோமோ!

நம்மூர்களிலே வைரவர் கோயில் இல்லாத குறிச்சி அரிது. ஆலின் கீழும் வேம்பின் கீழும் ஒரு சூலமாயினும் நாட்டியிருக்கும். அப்பெருமானுக்கு வாகனம் நாய் என்பதைக் குழந்தையும் அறியும். வடைமாலை சாத்துகின்றோம். அதே வாரத்திலே வீட்டு நாய் ஈன்ற குட்டிகளுள் கடுவனை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியிலோ வைரவர் வாசலிலோ இரவிலே கொண்டுபோய் விடுகின்றோம். வாகனத்தைச் சுவாமியிடமே ஒப்படைத்தோம் என்பது நம் எண்ணம் போலும்! வேண்டாத குட்டி பிறவாமற் செய்ய மிருகவைத்தியரிடம் எளிய சிகிச்சை உண்டு. விசர்நோய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு; அந்நோயின் குணங் கண்டபின் மனிதரையோ நாயையோ காப்பது அரிதினும் அரிது. அன்பு என்பது தடவிக்கொடுத்தல் மாத்திரமன்று. ஊசியிடுவித்தலும் அதனுள் அடங்கும்.

வெளிநாடு செல்லுங் குடும்பத்தார் வீட்டைப் பூட்டித் திறப்பை அயலாரிடம் கொடுக்கின்றனர். மாமரத்தைப் பார்க்கச் சொல்லுகின்றனர். கிணற்று மோட்டாரைப் பார்க்கச் சொல்லுகின்றனர். படலையடியிலே நிற்கின்ற நாயைப் பற்றி ஒன்றுஞ் சொல்வதில்லை. அது சில திங்கள் அந்தப் படலையிலேயே கிடப்பதை யான் பள்ளிக்குப் போகும் வழியிலே கண்டிருக்கின்றேன். சிபுயா எங்கோ யப்பானிலே இல்லை.

முன்னே சொல்வேன் என்றதை இப்பொழுது சொல்லுகின்றேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி மாலை வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஒரே இரவிலே வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டதை இங்கிருக்கும் முதியோர் மறந்திரார். அன்று மழை. யான் அப்பொழுது இருபத்தைந்து வயதினன்; உத்தியோகம் புதிது. வயது சென்ற தாயார் ஒரு கையிலே திருநீற்றுப் பெட்டியும் மறுகையிலே ஒரு பையுமாக நடந்தார். சைக்கிளிலே அரிசிமூட்டையும் பாயும் கட்டியிருந்தேன். எங்கள் வீட்டிலே கறுப்பன் என்று ஒரு நாய் இருந்தது. குட்டியிலே யான் மடியிலே கொண்டுவந்தது. புறப்படும்போது சங்கிலியைக் கழற்றிவிட்டேன். எங்காவது தின்று பிழைக்கட்டும் என்று எண்ணினேன். அது எங்கள் பின்னே வந்தது.

செம்மணி வெளி தொடங்குமிடத்திலே வீதி நிறைந்து விட்டது. அடியோடு அடி வைக்க இடமில்லை. நாய் சனங்களின் காலுக்குள்ளே அகப்பட்டு அலறுவதும், மீண்டும் எங்களைத் தேடி வருவதுமாக இருந்தது. சிலர் ஏசினர். போய்ச் சேருமிடத்திலே எங்களுக்கே இடமுண்டோ என்று தெரியாது. 'வீட்டை போ' என்று அதட்டினேன். போகவில்லை. குனிந்து வீதியோரத்திலே கல்லொன்றை எடுத்து எறிந்தேன். வெருட்டவே எறிந்தேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பின்னங்காலிலே பட்டது. ஒருமுறை கத்தியது. பின்பு அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நின்று, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

நாலடியார்ச் செய்யுளின் பொருளை யான் அறிந்தது அங்கேதான்.

தாயார் என்னை ஏசவில்லை. 'அதுவும் எங்களை நம்பித்தானே தம்பி வந்தது' என்று மாத்திரம் சொன்னார். சனம் தள்ளியது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், நாயைக் காணவில்லை. தருமர் திரும்பிப் பாராது நடந்தமைக்கும் யான் திரும்பிப் பார்த்தமைக்கும் எவ்வளவு தூரம்!

சாவகச்சேரியிலே ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்திலே ஆறு மாதம் கழிந்தது. அங்கே தாயார் மாலைதோறும் சிவபுராணம் ஓதுவார். நாயினுங் கடைப்பட்டமையைச் சொல்லும் இடம் வரும்போது யான் எழுந்து வெளியே போய்விடுவேன். சுவாமிகள் ஏன் நாய் என்று நில்லாமல் நாயினுங் கடை என்றார் என்பது எனக்கு அப்பொழுது தோன்றியது. நாய் தன் தலைவனை அறியும், எறிந்தாலும் அறியும். அதனை அறியாதவன் அதனினுங் கீழே நிற்பதன்றி எங்கே நிற்பது? இது உரையாசிரியர் கருத்தோ அன்றோ அறியேன். என் நெஞ்சு சொல்லிய உரை.

1996ஆம் ஆண்டு சித்திரை மாதத்துக் கடைசியிலே திரும்பி வந்தோம். கூரையிலே ஒருபக்கம் விழுந்திருந்தது. கதவுகள் இல்லை. என் புத்தகங்கள் முற்றத்திலே மழையிலே ஊறிக் கிடந்தன. படலையடியிலே எலும்புந் தோலுமாக ஒன்று படுத்திருந்தது. நாங்கள் கிட்டப் போகத் தலையைத் தூக்கியது. முதலிலே தாயாருடைய காலை முகர்ந்தது. பின்பு ஒரு காலை நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தது. வால் ஆடியது, வாலோடு உடம்பு முழுவதும் ஆடியது. ஆறு மாதம் அதற்கு யார் சோறிட்டார்களோ, ஒருவரும் இல்லாத ஊரிலே எதைத் தின்றதோ, சிவனுக்கே வெளிச்சம். யான் தடவுதற்குக் குனிந்தேன். குனிந்த அக்கணத்திலே அது உடம்பை ஒடுக்கிக்கொண்டு பின்னே பாய்ந்தது. நிமிர்ந்தேன், மறுபடி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

பின்னும் ஐந்தாண்டு கறுப்பன் எங்கள் வீட்டிலே இருந்தது. உடம்பு தேறியது, நொண்டலுங் குறைந்தது. இரவிலே என் பாயருகேதான் படுக்கும். எங்கள் முற்றத்திலே ஒரு பவளமல்லிகை நிற்கின்றது. அதன் பூவை நிலத்திலிருந்து பொறுக்கிப் பூசைக்குக் கொள்வது வழக்கமென்பதை அறிவீர்கள். வைகறையிலே நீராடி, பூத்தட்டோடு யான் போகும்போது நாயும் கூட வரும். முதற் பூவை எடுக்கக் குனிவேன். உடனே வாலை ஒடுக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிப்போய் நிற்கும். யான் வெறுங்கையை விரித்துக் காட்டுவேன். வரும். இரண்டாவது பூவுக்குக் குனிவேன், மறுபடி ஓடும். சில நாளிலே பூசைக்கு நேரமாகிவிடும். பின்பு முழங்காலிலிருந்து தவழ்ந்து பொறுக்கப் பழகினேன். அப்பொழுது அது அஞ்சுவதில்லை, அருகே வந்து படுத்துக்கொள்ளும்.

2001ஆம் ஆண்டு மாரியிலே அது இறந்தது. அந்த மரத்தடியிலேயே புதைத்தோம். பூவை இன்றும் முழங்காலிலிருந்தே பொறுக்குகின்றேன்.